முழங்கால் வலியும் மூன்று வாக்கியங்களும்

இனி மச்சினன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்காருவதில்லை என்று நூகு சபதம் எடுத்தார். துபாயிலிருந்து திரும்பி ஏரலில் வீடு கட்டிய அந்த மகராசன் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான். அதைக் கற்றுக்கொள்ளும்வரை ஏரல் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார்.

"எந்தம்பி வீட்டுக்கு எப்பம் போவோம்?" என்று மனைவி மும்தாஜ் பேகம் கேட்கும்போதெல்லாம் நூகுக்கு முழங்கால் வலி வந்துவிடும். வைத்தியம் என்று தினமும் சாயங்காலம் பாளையங்கோட்டை பஸ் ஏறுவார். போவது இங்கிலீஷ் வகுப்புக்கு.

அன்றைய பாடம் 'புட் ஆஃப்'. தள்ளிப்போடுவதும் அதுதான், வெறுப்பேற்றுவதும் அதுதான் என்றார் வாத்தியார் செந்தூர்பாண்டி.

"ஒரு சொல்லுக்கு இத்தனை வேலையா அண்ணாச்சி?"

"மனப்பாடம் பண்ணாதீரும்வே. உம்ம வீட்டுல நடந்ததை எழுதும், மண்டையில நிக்கும். காலை வகுப்புப் பொம்பளைங்க திருத்துவாங்க. நோட்டுல பேரு கிடையாது, நம்பர்தான்."

பெயரில்லாத தைரியத்தில் நூகு உண்மையை அள்ளிக் கொட்டினார். முழங்கால் வலி என்று பொய் சொல்லி ஏரல் பயணத்தை நாலு தடவை புட் ஆஃப் செய்தேன். மச்சினன் பீற்றல் என்னை புட் ஆஃப் செய்கிறது. அவன் கூப்பிட்டால் போனை புட் ஆஃப் செய்துவிடுவேன்.

மறுநாள் நோட்டு திரும்பி வந்தது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் சிவப்பு மை: 'போனுக்கு ஸ்விட்ச் ஆஃப்'. கீழே தமிழில், 'பொய்யில் பிழையில்லை. பத்துக்கு ஒன்பது.'

நூகு நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இருபது வருஷமாகப் பலசரக்குச் சீட்டில் பார்த்த கையெழுத்து! யா அல்லாஹ் என்று வீட்டுக்கு ஓடினார்.

"ஏட்டி, நீ எப்பம் இங்கிலீஷ் வகுப்புல சேந்தே?"

"உங்க வைத்தியம் ஆரம்பிச்ச வாரமே. தைல வாடையே இல்லாம ஒரு மனுசன் வைத்தியத்துக்குப் போயிட்டு வாராரேன்னு, பின்னாலயே பஸ் ஏறிப் பாத்தேன்."

"உந்தம்பிகிட்ட நோட்டைக் காட்டிராதட்டி!"

"காலையிலயே போட்டோ பிடிச்சு அனுப்பியாச்சு."

"கோவப்பட்டானா?"

"அவனா? ஒரே சந்தோசம். ஏரல்ல இங்கிலீஷ் பேச ஆளில்லாமத் தவிக்கானாம். காரை எடுத்துட்டுப் புறப்பட்டுட்டான், மச்சானை ஒரு மாசம் கூடவே வச்சுக்கிடுதானாம்."