மூன்று வாரப் பிடிப்பு

இடுப்பு வலியில் ஒரு சௌகரியம் உண்டு. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்ப்பார்கள். வீக்கம் என்றால் கண்ணுக்கே தெரியும். இடுப்பு வலி மட்டும் நாம் சொன்னால்தான் உண்டு. அந்தச் சௌகரியத்தை நான் மூன்று வாரம் அனுபவித்தேன். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

யுத்தத்துக்கு முந்திய சமயம். தென்னூரில் வீட்டு முன்னறையிலேயே தையல் மெஷின் போட்டிருந்தேன். மூத்த பெண்ணுக்குப் பத்து மாதம். நடக்கத் துடிப்பாள், தானாக நிற்க வராது. உட்கார வைத்தாலோ ஊரைக் கூட்டுவாள். யாராவது குனிந்து இரண்டு விரலைக் கொடுத்து, அவள் பின்னாலேயே வாத்து மாதிரி வீட்டை அளக்க வேண்டும்.

அப்படிக் குனிந்தபோதுதான் ஒரு நாள் சுரீரென்றது. (நிஜ வலி. இதையாவது நம்புங்கள்.) நாலு நாள் படுக்கை. ஐந்தாம் நாள் குதிரை வண்டி பிடித்து ஸ்ரீரங்கம் போய், ஒரு வைத்தியரிடம் தைலம் வாங்கினேன். திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தருகே குதிரை முரண்டு பிடிக்க, "இறங்குங்க சாமி" என்றார் வண்டிக்காரர். தொப்பென்று குதித்தேன். குதித்த பிறகுதான் உறைத்தது, வலியைக் காணோம். தைலப் புட்டியை இன்னும் திறக்கவே இல்லை!

யோக்கியனாக இருந்தால் வீட்டில் அதைச் சொல்லியிருப்பான். நான் வாசலிலேயே இடுப்பில் கையை வைத்து, "அம்மாடி!" என்றேன்.

"மெதுவா வாங்க" என்று என் மனைவி சௌந்தரம், பாப்பாவை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறு கையை எனக்கு நீட்டினாள்.

அவ்வளவுதான். அன்று முதல் நான் முதுகுக்குத் தலையணை வைத்து மெஷினில் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். அடுப்புக்கும் குழந்தைக்கும் அவளே குனிந்தாள். சாயங்காலமானால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். 'நாளைக்குச் சொல்லிவிடலாம்' என்று தினமும் நினைப்பேன்.

மூன்றாம் வாரக் கடைசியில் அடுத்த வீட்டு பாத்திமா அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊருப் பிடிப்பெல்லாம் உன் காலால போவுது. கட்டுன புருஷனுக்கு மட்டும் வைத்தியம் இல்லையாடி?"

சௌந்தரம் கால் முன்னே வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் முதுகில் மூன்று தரம் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெருவே வந்து அவளிடம் மிதி வாங்கிப் போகும். ஆனால் புருஷனை மிதிப்பது பாவமாயிற்றே! (அந்தத் தைரியத்தில்தான் என் வலியே ஓடிக்கொண்டிருந்தது.)

"நான் எப்படி அக்கா மிதிப்பேன்?"

"நீ ஏன் மிதிக்கிறே? உன் மகளும் கால் முன்னால வந்தவதானே? நான்தானே பக்கத்துல இருந்தேன்!"

மறுப்பதற்கு என்ன சாக்கு சொல்வது? தெருப் பெண்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். பாயில் குப்புறப் படுத்தேன். சௌந்தரம் பாப்பாவைப் பிடித்து என் முதுகில் நிறுத்தினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

"கொஞ்சம் விட்ட மாதிரி..." என்று நான் முனக ஆரம்பித்தேன். அதற்குள், பாப்பாவைத் தரையில் இறக்கக் குனிந்த சௌந்தரம், "ஐயோ!" என்று அப்படியே மடங்கினாள். பிடி நழுவியது. பாப்பா தானாக நின்றாள். ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி. அவளுடைய முதல் நடை! அதுவும் மெஷின் பக்கத்தில் கனலோடு இருந்த இஸ்திரிப் பெட்டியை நோக்கி.

எப்படி எழுந்தேனோ தெரியாது. ஒரே பாய்ச்சலில் வாரித் தூக்கித் தலைக்கு மேலே பிடித்திருந்தேன்.

"அல்லா! புள்ள மிதிச்ச மிதியில தம்பி பறக்குதே!" என்று பாத்திமா அக்கா கையைத் தட்டினார்.

சௌந்தரம் நிமிர முடியாமல், தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். "எத்தனையோ பேரை மிதிச்சிருக்கேன். பிடிப்பு விட்டவங்க எழுந்ததும் முதல்ல இடுப்பைத் தடவிப் பார்ப்பாங்க. நீங்க தடவலையே."

கைதட்டல் நின்றுவிட்டது.

"பாப்பாவை உன் முதுகிலும் மிதிக்க விடலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவளைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணுமே. உங்களுக்குத்தான் இடுப்பாச்சே."

பிடித்தேன். மூன்று தரம் மிதித்தும் அவள் வலி விடவில்லை. என்னுடையது மாதிரிச் சொன்னபடி கேட்கிற வலியா அது? இருபது நாள் படுத்தே கிடந்தாள். கஞ்சி வைத்தேன், தைலம் தேய்த்தேன், பாப்பாவின் பின்னால் குனிந்து வீட்டை அளந்தேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்களெல்லாம் வாசலில் நின்று, "என்னங்க, நல்லாக் குனிய வருதா?" என்று விசாரித்துவிட்டுத்தான் துணியை எடுப்பார்கள்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது வேலைக்குச் சாக்குச் சொன்னால், "என்ன, அப்பா இடுப்பா?" என்பார்கள். புது மாப்பிள்ளைக்குக்கூட முதல் விருந்திலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சௌந்தரம் மட்டும் கையைத் தரையில் ஊன்றி மெதுவாக எழுந்திருப்பாள். நான் ஓடிப்போய்க் கை நீட்டுவேன்.

"பழகிப்போச்சு, விடுங்க" என்பாள்.