கூடுதல் தகவல்

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்தவர்.

லிஃப்ட் மெக்கானிக் தள்ளி நின்றார். கூடவே மனைவியும். அடுத்த மாதம் பக்கத்து நாட்டில் மகளுக்குத் தலைப்பிரசவம். பெட்டி நிறையக் குழந்தைத் துணி.

"உங்க மேல அந்த நாட்டு போலீஸ் குறிப்பு போட்டிருக்காங்க. சந்தேகத்துக்குரிய நபர்னு."

மனைவி கணவரை மேலும் கீழும் பார்த்தாள். "இவரா? இவருக்குச் சட்டைப் பொத்தானே நேராப் போடத் தெரியாதுங்களே."

"நீ மட்டும் போயேன்," என்றார் மெக்கானிக்.

"சேர்ந்தே போவோம். ரெண்டு நாள்ல சரியாயிடும்."

மறுநாள் காலையிலேயே போலீஸ் தலைமை அலுவலகத்துக்குப் போனார். வெளிநாட்டுத் தொடர்புப் பிரிவு இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"இவர் மேல என்ன சந்தேகம்னு கேட்டு எழுதிடுவோம்," என்றார். மூலையில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா தட்டினார். கடிதம் போயிற்று.

பதில் வந்தது: 'சந்தேகம் வலுத்துள்ளது. கூடுதல் தகவல் தேவை.'

"கேட்டாலே வலுக்குமா சார்?"

"கொடுத்துடுவோம். மறைக்க என்ன இருக்கு?"

பத்து விரல்களிலும் மை பூசி ரேகை எடுத்தார்கள். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று படம் பிடித்தார்கள். படத்தைப் பார்த்த மெக்கானிக்குக்கே இந்த ஆளை நம்பலாமா என்று தோன்றியது.

அடுத்த பதில்: 'இவருடைய கைரேகை ஏற்கெனவே போலீஸ் வசம் உள்ளது.' அதோடு விடவில்லை. குறிப்பை இன்னும் மூன்று நாடுகளோடு பகிர்ந்துகொண்டார்கள்.

கம்பெனி மானேஜர் காதுக்கும் விஷயம் எட்டியது. "தப்பா நினைச்சுக்காதீங்கண்ணே. நாம பார்க்கறது பேங்க் கட்டட லிஃப்ட். கொஞ்ச நாள் வீட்ல இருங்க."

மெக்கானிக் வக்கீல் வைத்து அந்த நாட்டு போலீசுக்கு நோட்டீஸ் அனுப்பினார். 'சந்தேக நபர் பதற்றம் காட்டுகிறார்' என்று பதில் வந்தது.

கடைசியில் மனைவி தனியாகக் கிளம்பினாள். மத்தியானமே பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள்.

"என்னாச்சு?"

"முப்பது வருஷமா உங்க பொண்டாட்டின்னு நினைச்சிட்டிருந்தேன். கூட்டாளியாம்!" என்றவள், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரமே மகளிடமிருந்து போன். "பொண்ணுப்பா."

"கூட யாரும்மா இருக்காங்க?"

"நர்ஸ் இருந்தாங்க. பரவால்லப்பா."

மெக்கானிக் நேராகப் போய் இன்ஸ்பெக்டர் மேசையில் ஓங்கி அடித்தார். வாழ்க்கையில் முதல்முறை.

"நான் என்னதான் செஞ்சேன்? சொல்லித் தொலைங்க!"

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. "ஒரு நாட்டு போலீஸ் சும்மா எழுதுமா? அங்க பத்து வருஷம் வேலை பார்த்திருக்கீங்க. நிதானமா யோசிங்க. ஏதோ ஒண்ணு இருந்திருக்கும்."

மெக்கானிக் நிதானமாக யோசித்தார். ஏதாவது இருந்திருக்குமோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

டைப்பிஸ்ட் அம்மா தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

"ஐயா, அவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. போன வருஷம் நீங்க நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டு வந்தீங்கல்ல, அப்ப 'இந்த ஆள் மேல அங்க ஏதாவது உண்டா?'ன்னு நாங்க கேட்டோம் பாருங்க, அதுதான் உங்களைப் பத்தி அங்க இருக்கற ஒரே தகவல்."