ஒரு வாளி வாங்கியிருக்கலாம்

வீட்டில் பீர் காய்ச்ச ஒரு வாளி வேண்டும். பாங் மன்சிக்கின் பிரச்சினை அவ்வளவுதான். மூடி போட்ட, சுத்தமான, இருபது லிட்டர் பிடிக்கிற ஒரு வாளி. அதை வாங்கித் தொலைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் மன்சிக் எதையும் ஆராயாமல் வாங்குகிற ஆள் இல்லை. இணையத்தில் பீர் காய்ச்சுகிறவர்கள் போடும் சண்டை அத்தனையையும் படித்துவிட்டு, சியோலில் அந்தச் சாமான்கள் விற்கும் சின்னக் கடைக்குச் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருந்தான். கடைக்காரர் தோ அவன் தலை தெரிந்தாலே பெருமூச்சு விட ஆரம்பித்திருந்தார்.

"கண்ணாடி ஜாடி நல்லதா, பிளாஸ்டிக் வாளி நல்லதா?"

"போன வாரமே சொன்னேனே சார். முதல் தடவைக்கு பிளாஸ்டிக் போதும்."

"பிளாஸ்டிக்ல கீறல் விழுந்தா கிருமி உக்காந்துக்கும்னு ஒருத்தர் எழுதியிருக்காரே?"

"அப்ப கண்ணாடி எடுத்துக்குங்க."

"கண்ணாடி கை நழுவி ஒருத்தருக்குக் கால்ல தையலே போட்டிருக்காங்க."

"அப்ப ஸ்டீல்."

"ஸ்டீல்ல உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க முடியாதே?"

"பாத்து என்ன சார் பண்ணப் போறீங்க? ஈஸ்ட்டுக்கு நீங்க பாக்குறது தெரியவா போகுது? எதையாவது எடுங்க, நான் சாப்பிடப் போகணும்."

ஒருவழியாக ஸ்டீல் என்று முடிவு செய்து, மனைவி ஹேரானுக்குப் போன் போட்டான். அங்கேதான் தப்பு.

"பால்கனியில என்னல்லாம் இருக்கு, சொல்லுங்க பாப்போம்" என்றாள் ஹேரான்.

"கூடாரம்."

"அப்புறம்?"

"காப்பிக்கொட்டை வறுக்குற மெஷின்."

"அப்புறம்?"

"தூண்டில்."

"எத்தனை மீன் பிடிச்சீங்க?"

கடைக்காரர் தோ மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு சாமான் வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். காய்ச்சணும்னா வீட்ல இருக்குற பாத்திரத்துல காய்ச்சுங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சுதோ, நீங்களாச்சு அவங்களாச்சு. என்னை நடுவுல இழுக்காதீங்க."

அம்மா என்றது மன்சிக்கின் மாமியார் சுன்பொக் அம்மாளை. கிறிஸ்தவ சபையில் அடுக்களைப் பொறுப்பு அவருடையது. மகளைப் பெண் கேட்டு வந்த அன்றே மன்சிக்கைப் போதகர் முன்னால் நிறுத்தி, இனி மதுவைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கியவர். அலுவலக விருந்துக்குப் போய் வரும் மாப்பிள்ளையின் மூச்சை அவர் முகர்ந்து பார்த்ததில்லை, அது பெருந்தன்மை. ஆனால் "இந்த வீட்டுக்குள்ள அந்தச் சனியன் வந்துச்சுன்னா நான் வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லி வைத்திருந்தார். அவர் வாசப்படி மிதிக்காவிட்டால், அவர் கையால் ஊறப்போட்டுப் புளிக்க வைக்கிற காய்கறிக் கிம்ச்சி வராது. கிம்ச்சி வராத வீட்டை எந்தக் கொரியனும் வீடு என்று ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஆகவே மன்சிக் பீருக்கு வேண்டிய மால்ட்டையும் ஹாப்ஸையும் ஈஸ்ட்டையும் மட்டும் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

எலும்பு சூப் வைக்கிற அண்டாவில் காய்ச்சினான். அதுவரை சரிதான். புளிக்க வைக்க என்ன செய்வது என்று அலமாரிகளைத் துழாவியபோது, காலியாகிக் கழுவி வைத்திருந்த டோங்சிமி டப்பா கண்ணில் பட்டது. முள்ளங்கியை முழுசாக உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுப் போடுகிற தண்ணீர்க் கிம்ச்சிதான் டோங்சிமி. போன மாதம் மாமியார் இந்த வீட்டிலேயே உட்கார்ந்து இரண்டு டப்பா போட்டிருந்தார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று சிவப்பு மூடி போட்டது, சபையின் ஆண்டு விருந்துக்கு. அதை யாரும் திறக்கக் கூடாது, எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

காலி டப்பாவைத் தட்டிப் பார்த்தான். இருபது லிட்டர். சாப்பாட்டுச் சாமான் வைக்கிற பிளாஸ்டிக். இறுக்கமான மூடி. இதை விட்டுவிட்டா மாசக்கணக்கில் கடை ஏறி இறங்கினோம் என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

டப்பாவில் பூண்டு நெடி அடித்தது. சோப்புப் போட்டான். சோடா உப்புப் போட்டான். வினிகர் ஊற்றினான். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி ஊறவைத்தான். கடைசியில் பூண்டு நெடி அவன் கையிலும் ஏறியது, டப்பாவிலும் அப்படியே இருந்தது. போகட்டும் என்று பீரை ஊற்றி, மூடியின் ஒரு பக்கத்தை மட்டும் காற்றுப் போகத் தளர்த்தி வைத்தான்.

அடுத்தது சூடு. குளிர்காலம் என்று எல்லா வீடுகளிலும் தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடவிட்டுத் தரையைச் சுட வைத்திருந்தார்கள். வெறுங்காலோடு நிற்க முடியாத தரையில் டப்பாவை வைத்தால் பீர் கெட்டுவிடும் என்று இணையம் சொன்னது. பால்கனியில் வைத்தால் ஈஸ்ட் விறைத்துவிடும் என்றும் அதே இணையம் சொன்னது. பின்னே எங்கேதான் வைப்பது என்று கேட்டதற்கு, ஊர் பேர் தெரியாத ஒரு புண்ணியவான் ஒரே வரியில் எழுதியிருந்தான்: 'கிம்ச்சி ஃப்ரிட்ஜ் இருக்கும்போது எதுக்குய்யா கவலை?'

உண்மைதான். கிம்ச்சிக்கென்றே கொரிய வீடுகளில் தனியாக இருக்கும் அந்த ஃப்ரிட்ஜில் இரண்டு அறை. ஒன்றில் முட்டைக்கோஸ் கிம்ச்சி அடைசலாக இருந்தது. இன்னொன்றில் சபை டப்பா. அந்த அறையை மட்டும் 'புளிக்க வைக்கும்' சூட்டுக்கு மாற்றினால் பீருக்குச் சொல்லி வைத்த மாதிரி இருக்கும். சபை டப்பாவை மட்டும் கொஞ்ச நாள் பால்கனிக்கு மாற்ற வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாம் வெளியில்தானே வைத்தார்கள்?

மாற்றினான்.

அந்த வாரம்தான் சைபீரியக் குளிர் சியோலுக்கு வந்து சேர்ந்தது.

விருந்து நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஹேரான் முன்னாலேயே சபைக்குப் போய்விட்டாள். மாமியாரையும் டப்பாவையும் காரில் ஏற்றி வருவது மன்சிக்கின் வேலை. சபை டப்பாவை எடுத்து வரலாம் என்று பால்கனிக்குப் போனவன், போன இடத்திலேயே நின்றான். டப்பா முழுக்கப் பனிக்கட்டி. விரிந்த பனிக்கட்டி பிளாஸ்டிக்கை மேலிருந்து அடிவரை பிளந்திருந்தது. பால்கனியில் சாராய நெடி வேறு. தன் பீர் வாடைதான் உடம்பெல்லாம் ஏறிவிட்டது என்று நினைத்து முதல் வேலையாகச் சட்டையை மாற்றினான்.

பிறகு ஹேரானுக்குப் போன் போட்டான்.

"ஹேரான், சபை டப்பா வெடிச்சுப் போச்சு."

"எது?"

"சிவப்பு மூடி. பால்கனியில வெச்சிருந்தேன்."

"அது எதுக்குங்க பால்கனிக்குப் போச்சு?"

"ஃப்ரிட்ஜ்ல பீர் இருக்கு."

மறுபக்கம் சபைப் பாடகர் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

"நான் இந்தப் போனை எடுக்கவே இல்ல" என்று சொல்லி ஹேரான் வைத்துவிட்டாள்.

சரி, யோசி. முள்ளங்கி நன்றாகத்தான் இருக்கிறது. டப்பாதான் இல்லை. வீட்டில் அந்த அளவில் இருக்கிற இன்னொரு டப்பாவில் பீர் இருக்கிறது. பீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, பனிக்கட்டியையும் முள்ளங்கியையும் அதில் போட்டு, சிவப்பு மூடியைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. முதல் முதலாகக் காய்ச்சின பீர். மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் ஊற்றுவது என்று முடிவு செய்து டப்பாவை ஃப்ரிட்ஜிலிருந்து தூக்கிச் சமையலறை மேடையில் வைத்தான்.

வாசல் கதவில் பீப், பீப் என்று யாரோ எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது. ரகசிய எண் தெரிந்தவர் வெளியே ஒருவர்தான் உண்டு.

மன்சிக் கைக்கு வந்ததைச் செய்தான். முள்ளங்கிகளைப் பனிக்கட்டியோடு அள்ளிப் பீருக்குள் போட்டான். கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டான். சிவப்பு மூடியைப் போட்டு நாலு பக்கமும் அழுத்தி மூடினான். உடைந்த டப்பாவைக் கூடாரத்துக்கு அடியில் தள்ளினான்.

"மாப்ளே, தயாரா?" என்று சுன்பொக் அம்மாள் உள்ளே வந்தார். "ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"உடற்பயிற்சி அத்தை."

"நல்ல பழக்கம். டப்பாவை எடுங்க, போலாம்."

"அத்தை, இந்த வருஷம் டோங்சிமி வேண்டாமே? குளிருக்குச் சூடா சூப் வெச்சா..."

"என்ன பேச்சு இது? நாப்பது வருஷமா என் டோங்சிமி இல்லாம அங்க விருந்து நடந்ததில்ல. சபை மூப்பர் யாங்கெல்லாம் இதுக்காகவே வருஷம் பூரா காத்திருப்பாரு."

காரில் அவர் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் ஒரு திடீர் பிரேக்கில் கதையை முடித்திருப்பான். பாதி வழியில் காற்றுப் போக வழியில்லாத டப்பாவின் மூடி உப்பி, 'டப்' என்று ஒரு பக்கம் தெறித்தது.

சுன்பொக் அம்மாள் முகத்தில் சந்தோஷம். "நல்லாப் புளிச்சிருக்கு" என்று மூடியைக் குழந்தையைத் தட்டுவது மாதிரி தட்டி அழுத்தினார்.

சபைச் சமையலறையில் அவன் கடைசி முயற்சிகளைச் செய்து பார்த்தான். தூக்கி வைக்கிற சாக்கில் கவிழ்க்கப் போனான். இரண்டு அம்மாள்கள் ஓடி வந்து பிடித்துவிட்டார்கள். குடத்துத் தண்ணீரை ஊற்றி நீர்க்க வைக்கப் போனான். மாமியார் குடத்தையே பிடுங்கிக்கொண்டார்.

"என் டப்பாவில யாரும் கை வைக்கக்கூடாது. பரிமாறுற வரைக்கும் யாரும் ருசியும் பாக்கக்கூடாது. தெரியாதா உங்களுக்கு?"

"அத்தை, ஒரு விஷயம் சொல்லணும்."

"விருந்து முடியட்டும் மாப்ளே."

மன்சிக்குக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. போன வருஷம் அவன் குடல் ஆபரேஷன் முடிந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்குத் தினமும் இரண்டு பஸ் மாறி வந்து கஞ்சி ஊட்டிய மனுஷி. நாற்பது வருஷப் பேர். அந்தப் பேரைத் தன் பூண்டு நாற்றம் பிடித்த பீர் இன்று சந்தி சிரிக்க வைக்கப் போகிறது. பேசாமல் அந்தப் பிளாஸ்டிக் வாளியையே வாங்கியிருக்கலாம். ஒரு வாளி!

நூடுல்ஸ் கிண்ணங்களில் முள்ளங்கி நறுக்கிப் போட்டு, டோங்சிமித் தண்ணீர் என்ற பெயரில் பீரை ஊற்றிக்கொண்டு போனார்கள். போதகர் முதல் வாய் குடித்தார். நிறுத்தினார். மறுபடி குடித்தார். கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

எல்லோரும் இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். நூடுல்ஸ் அப்படியே இருக்க, தண்ணீர் மட்டும் காலியாகிக்கொண்டிருந்தது. கன்னங்கள் சிவந்தன. பாடகர் குழு யாரும் கேட்காமலேயே எழுந்து பாட ஆரம்பித்தது. ஹேரான் தூரத்திலிருந்து கணவனைப் பார்த்த பார்வையில் அவனுக்கு இனி வீடே கிடையாது என்று தெரிந்துவிட்டது.

கடைசியாகச் சுன்பொக் அம்மாள் தானே ஒரு கரண்டி மொண்டு வாயில் வைத்தார். முகம் மாறியது. டப்பாவைப் பார்த்தார். மறுபடி ஒரு கரண்டி குடித்தார். மெல்லத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

முடிந்தது என்று மன்சிக் எழுந்தான். மண்டியிட்டு எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டு, பழி முழுக்கத் தன்மேல் என்று சொல்லிவிடுவது என்று இரண்டு அடி வைத்தவனை, மூப்பர் யாங் குறுக்கே வந்து தோளில் கை போட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். எண்பதை எட்டிய மனுஷர், சபையில் மதுவிலக்கு ஜெபம் நடத்துகிறவர். கவலையோடு காதருகே குனிந்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, மாமியாருக்கு உடம்பு ஏதும் முடியலையா? மத்த வருஷமெல்லாம் இவங்க டோங்சிமி ரெண்டாவது கிண்ணத்துக்கே எனக்கு என் பேரு மறந்துடும், இன்னிக்கு நாலு குடிச்சும் கல்லு மாதிரி நிக்கிறேனே!"