மீன் தொட்டியில் ஒரு சத்தம்

பம்பின் பிளக்கைச் சொருகிய கையை அவள் எடுப்பதற்குள் சத்தம் ஆரம்பித்துவிட்டது.

"ர்ர்ர்ர்ர்…"

பல் டாக்டரிடம் வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் எந்தச் சத்தம் வேண்டுமானாலும் வரலாம், இந்தச் சத்தம் மட்டும் வரக்கூடாது. காத்திருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் டாக்டர் அறையின் கதவைப் பார்த்தார்கள். மூன்று பேருடைய கையும் அவரவர் கன்னத்துக்குப் போனது.

"ஒண்ணும் இல்லைங்க, மீன் தொட்டி பம்ப்" என்றாள் ரிசப்ஷன் பெண். முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள்.

வேலைக்குச் சேர்ந்து இது இரண்டாவது நாள். "ரெண்டு நாள் பாக்கறேன், அப்புறம் சொல்றேன்" என்றுதான் டாக்டர் சேர்த்திருந்தார். வீட்டில் அம்மாவோ முதல் நாளே தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். ஏற்கெனவே கூரியர் ஆபீஸ் வேலை நாலே மாதத்தில் கைவிட்டுப் போயிருந்தது. இதுவும் போனால் அந்தத் தெருவில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது?

நேற்று நிற்க நேரமில்லாத கூட்டம். கடைசி ஆளும் போன பிறகு டாக்டர் தொட்டியைக் காட்டி, "மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது பாருங்க. எதாவது பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா சொன்னாரோ, சோதிக்கச் சொன்னாரோ, யார் கண்டது. இவள் காலையில் முதல் வேலையாக வளர்ப்பு மீன் கடைக்குப் போனாள். தண்ணீர் ஓட்டமில்லாமல் தேங்கிக் கிடந்தால் மீனுக்கு மூச்சு முட்டும் என்று கடைக்காரர் சொல்ல, தண்ணீருக்குள்ளேயே முழுகிக் கிடந்து ஓடும் குட்டிப் பம்ப் ஒன்றையும் ஒரு முழ டியூபையும் வாங்கி வந்தாள்.

அவள் பிளக்கைச் சொருகுவதற்குக் கால் மணி நேரம் முன்புதான் டாக்டர் சிவந்த கண்களோடு வந்தார். "எக்ஸ்ரேல்லாம் பாக்கணும். நான் பெல் அடிக்கிற வரைக்கும் யாரையும் அனுப்பாதீங்க" என்று அறைக்குள் போனார். கண் சிவந்திருந்தது தன் மேல் உள்ள கோபத்தால்தான் என்று இவள் முடிவு கட்டினாள். எதற்குக் கோபம் என்பதை மட்டும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

"ர்ர்ர்ர்ர்…"

ஒரு பக்கம் கன்னம் வீங்கியிருந்த பஸ் கண்டக்டர் மெல்ல எழுந்து வந்தார்.

"ஏம்மா, உள்ள யாருக்குப் பல்லைத் துளைக்கிறாரு?"

"உள்ள யாருமே இல்லண்ணே."

"யாருமே இல்லையா? அப்ப எதைத் துளைக்கிறாரு?"

"அண்ணே, அது பம்ப். இதோ பாருங்க."

கண்டக்டர் தொட்டியைப் பார்த்தார். டியூபின் வாயிலிருந்து தண்ணீர் அமைதியாக வந்துகொண்டிருந்தது. ஐந்து மீன்களும் அதை எதிர்த்து ஜோராக நீந்திக்கொண்டிருந்தன. கட்டைவிரல் பருமனே உள்ள பம்ப் அது. கண்டக்டர் நாற்பது வருஷம் மனுஷர்களைப் பார்த்தவர். நம்பவில்லை.

"இப்ப வலி விட்டாப்ல இருக்கு. ஒரு எட்டு வெளிய போயிட்டு வந்துடறேன்" என்று செருப்பைப் பாதி மாட்டியபடியே நடந்தார்.

அவள் கடைக்காரருக்குப் போன் போட்டாள். 

"சத்தமா? அந்தப் பம்ப் ஓடறதே தெரியாதேம்மா. கண்ணாடியில ஒட்டி வச்சிருப்பீங்க, அது அதிரும். அடியில ஸ்பாஞ்ச் வச்சுப் பாருங்க."

தொட்டி இருந்ததோ டாக்டர் அறைக்கும் இந்த அறைக்கும் நடுவில் அடித்திருந்த பலகைத் தடுப்பை ஒட்டி. அதிராமல் என்ன செய்யும்? முழங்கை வரை கையை விட்டுப் பம்புக்குக் கீழே புது ஸ்பாஞ்ச் ஒன்றைத் திணித்தாள். சத்தம் முன்னைவிட அதிகமானது.

ஒரு ஆள் எழுந்து போனதைச் சொல்லாவிட்டால் பின்னால் அதற்கு வேறு பாட்டு வாங்க வேண்டும். ஒற்றை விரலால் டாக்டர் கதவைத் தட்டினாள். உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது.

"ம்… யாரு… எக்ஸ்ரே, எக்ஸ்ரே பாத்துட்டு இருக்கேன்."

"சார், ஒருத்தர் எழுந்து போயிட்டார்."

"நல்லது" என்றது கரகரத்த குரல்.

நல்லதா? எவ்வளவு கோபமிருந்தால் ஒரு மனுஷர் நல்லது என்பார் என்று நினைக்கும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. அப்புறம்தான் கவனித்தாள், சத்தம் நின்றிருந்தது. ஸ்பாஞ்ச் வேலை செய்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது.

மூன்று நிமிஷம்தான். 

"ர்ர்ர்ர்…" கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு "களுக்". பிறகு மறுபடியும், "ர்ர்ர்ர்ர்…"

தொட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். எதிரே கணக்கு டீச்சர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்திருந்தார். தாள் தலைகீழாக இருந்தது.

அவள் மறுபடி போன் போட்டாள். "அண்ணே, இப்ப விட்டு விட்டு வருது. நடுவுல களுக்குங்குது."

"காத்தை இழுக்குதும்மா. தண்ணி பத்தல. நிறைய ஊத்தி, பம்பை நல்லா கீழ அமுக்குங்க."

மீனுக்கென்று பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். பம்பை அமுக்கினாள். அமுக்கிய அமுக்கில் டியூபைப் பிடித்திருந்த கிளிப் கழன்று, டியூப் தண்ணீரை விட்டுத் துள்ளி எழுந்து, தையல்காரரின் மடிக்கு நேராகப் பீய்ச்சியது. அவள் பாய்ந்து டியூபைப் பிடித்துத் தொட்டிக்குள் திருப்பிவிட்டாள். எல்லாம் இரண்டு நொடி.

டீச்சர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். டியூப் தொட்டிக்குள் சமர்த்தாக இருந்தது. தையல்காரரின் பேன்ட் நனைந்திருந்தது. நாற்காலிக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர், நீங்க நினைக்கிற மாதிரி இல்ல" என்றார் தையல்காரர்.

"நான் ஒண்ணும் நினைக்கலைங்க" என்றார் டீச்சர், நடுங்கும் குரலில். "பயம் எல்லாருக்கும் வரதுதான்."

தையல்காரர் முன்பக்கத்தைப் பையால் மறைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இவ்வளவு பெரிய ஆம்பிளைக்கே இந்தக் கதி என்றால் தன் கதி என்ன என்று டீச்சர் பின்னாலேயே போனார். போன வேகத்தில் வாசல் கதவு படீரென்று அடித்துக்கொண்டது.

அதே நேரம் அவள் பிளக்கைப் பிடுங்கினாள். சத்தம் பட்டென்று நின்றது. சனியன், எல்லாம் இந்தப் பம்பால் வந்தது. தண்ணீருக்குள் இருந்து அதை இழுத்து வெளியே எடுத்தாள். தரையெல்லாம் தண்ணீர், நாற்காலியெல்லாம் காலி, வேலையும் காலி.

டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஒரு பக்க முடி தட்டையாகப் படிந்திருந்தது. கன்னத்தில் எக்ஸ்ரே உறையின் விளிம்பு கோடாகப் பதிந்திருந்தது. அவ்வளவு பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார்.

"எங்கம்மா எல்லாரும்?"

அவள் பம்பைத் தூக்கிக் காட்டினாள். "சார், தப்பு என்னுதுதான். பம்ப் சத்தத்துல பயந்து போயிட்டாங்க."

டாக்டரின் முகம் மாறியது. "சத்தமா? எந்த மாதிரி?"

"ர்ர்ர்னு வரும் சார். நடுவுல நிக்கும். அப்புறம் களுக்குனு ஒண்ணு வந்து, மறுபடி ஆரம்பிக்கும்."

டாக்டரின் காது இரண்டும் சிவந்தன. வாசலை எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அது பம்ப்தான்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

"சத்தியமா பம்ப்தான் சார்."

"வந்தவங்க கிட்டயும் பம்ப்னுதான் சொன்னீங்களா?"

"ஒருத்தர் விடாம சொன்னேன் சார். இப்பவே கொண்டு போய்க் கடையில திருப்பிக் குடுத்துடறேன்."

"வேண்டாம், வேண்டாம்" என்றார் டாக்டர் அவசரமாக. "பம்ப் இருக்கட்டும். தினமும் ஓடட்டும். மீனுக்கு நல்லது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு நாள் பாக்கறேன்னு சொன்னேன்ல, பாத்துட்டேன். வேலை உங்களுக்குத்தான். போனவங்களுக்கு எல்லாம் போன் பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சு வரச் சொல்லுங்க. அதுக்குள்ள மிச்ச எக்ஸ்ரே பாத்துடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அவளுக்குச் சந்தோஷப்படவும் பயமாக இருந்தது. கனவோ என்று நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு கையில் சொட்டும் பம்ப், மறு கையில் பிளக்.

"ர்ர்ர்ர்ர்…"

அவள் பம்பைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். 

கூட்டிப் பெருக்கும் அக்கா பழைய துணியோடு வந்து, தரையைத் துடைக்கக் குனிந்தபடியே சொன்னாள்.

"பம்பை மறுபடி மாட்டும்மா, புண்ணியமாப் போகும். வீட்ல கைக்குழந்தை தூங்க விடாம, பாவம் மனுஷன் இங்கதான் தூங்கறாரு. உனக்கு முன்னாடி இருந்த பொண்ணு, டாக்டர் குறட்டை விடறாருன்னு உக்காந்திருந்தவங்க கிட்ட உண்மையச் சொல்லித்தான் வேலைய விட்டுது."