சிங்கக் காட்டில் நான் எடுத்த சொந்த முடிவு

ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் இருந்து போய்ச் சிங்கங்களுக்கு நடுவில் கூடாரத்தில் தங்கிய முதல் தமிழன் நான்தான். இதை யாரும் மறுக்க முடியாது. நானே விசாரித்துவிட்டேன்.

இலங்கையில் யுத்தம் முடிந்த அடுத்த வருசம். எங்கள் ஸ்காபரோத் தமிழரில் பாதிப் பேர் பெட்டி கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் பறந்தார்கள். என் மனைவி ரதிக்கும் அதே ஆசை. தன் அக்கா இராஜேஸ்வரியைக் கண்டு அவளுக்கு இருபது வருசமாகப் போகிறது. யாழ்ப்பாணப் பாதை திறந்த நாளில் இருந்து ஒரே கேள்விதான்.

"இஞ்சாருங்கோ, அக்காட்டை எப்ப போறம்?"

நான் உடனே கார்ச் சாவியை எடுப்பேன். "பால் முடிஞ்சுது, வாங்கிக்கொண்டு வாறன்."

அந்த வருசம் எங்கள் ஃபிரிட்ஜில் பாலைத் தவிர வேறெதற்கும் இடமிருக்கவில்லை.

எனக்குக் கிடைப்பதே இரண்டு கிழமை லீவு. அதை மனைவி பகுதி விருந்துகளில் கரைக்க மனமில்லை. ஆகவே ஒருநாள் குடும்பத் தலைவன் என்ற முறையில் அறிவித்தேன்.

"யாழ்ப்பாணம் எவனும் போவான். நாங்கள் கென்யாக் காட்டிலை கூடாரத்திலை தங்கப் போறம். கரண்ட் இல்லை, போன் இல்லை. பொழுதுபட்டால் வெளிக்கிடேலாது. சிங்கம் உலாவும்!"

"வெளிக்கிடவே ஏலாதோ?"

"ஏலவே ஏலாது!" என்றேன் பெருமையாக.

"அப்ப போவம்" என்றாள். இவ்வளவு சுலபமாக நான் எந்த வாக்குவாதத்திலும் வென்றதில்லை.

போய் இறங்கியதும் நெஞ்சை நிமிர்த்தி யானையோடு ஒரு படம். காவல்காரன் சீமோனின் ஈட்டியோடு ஒரு படம். யானை புள்ளியாகத்தான் விழுந்தது. ஈட்டி நன்றாக விழுந்தது.

பொழுதுபட்டது. விடியும்வரை வெளியே கால் வைக்கக்கூடாது என்று சொல்லி, கூடாரத்தின் சிப்பை இழுத்து மூடிவிட்டுச் சீமோன் போனான். ரதி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்கோ, அக்காட்டை எப்ப போறம்?"

என் கை தானாகக் கார்ச் சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவியது. "பால்..." என்றேன்.

"போய் வாங்கிக்கொண்டு வாங்கோவன்."

வெளியே எதுவோ உறுமியது. நான் மெதுவாக உட்கார்ந்தேன்.

"உது நியாயமில்லை, ரதி."

"நியாயமோ? அக்கா வன்னியிலை இருந்து தப்பி வந்து, மாசக்கணக்கா முகாமிலை கூடாரத்துக்குள்ளை கிடந்தவள். நீங்கள் காசு குடுத்துக் கூடாரத்துக்கு வந்திருக்கிறியள். என்னை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு ஒவ்வொரு போனிலையும் கேக்கிறாள். நான் என்ன சொல்ல? அவர் பால் வாங்கப் போட்டார் எண்டோ?"

அவள் அழவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. ஆனாலும் குடும்பத் தலைவன் அல்லவா? எழுந்து நின்றேன். கூரைக் கம்பு தலையில் இடித்தது. பொருட்படுத்தவில்லை.

"சரி. யாழ்ப்பாணம் போறம். ஒருத்தரும் சொல்லி இல்லை. இது என்ரை சொந்த முடிவு!"

"நல்ல முடிவு" என்று ரதி நுளம்பு வலையை இழுத்துவிட்டுப் படுத்தாள். "நாளைக்கு மறுநாள் கொழும்புக்குப் பிளேன். ரிக்கெற் ரொறன்ரோவிலையே எடுத்திட்டன்."