நிச்சயத்தன்று அழுத மேளம்

ரசனை உள்ளவனை வீட்டு விசேஷத்தில் மைக் செட் பக்கம் விடக்கூடாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் நான் ஒருவனே காரணம் என்பதை எட்டு வருடமாக ஆட்சேபித்து வருகிறேன். வீட்டில் யாரும் காதில் வாங்குவதில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கோலார் தங்க வயலின் ஊரிகத்தில் ரயிலேறி தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். கூட்டத்தில் நான் நின்றுகொண்டே போகும் அந்த ரயிலில்தான், செல்போன் வழியாக, பிரேசில் நாட்டுப் பழைய சாம்பா பாடகர் ஒருவர் என் காதுக்குள் வந்தார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடியவர். (பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றும் சண்டை வரும், விட்டுவிடுகிறேன்.) ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் அவருடைய நாற்பது பதிவுகளைத் தேடிப்பிடித்து ஒரு பென்டிரைவில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். தங்க வயலிலேயே உலக இசை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு எனக்கு.

அந்தச் சமயத்தில் என் தங்கை சாந்திக்குத் தங்க வயலிலேயே பக்கத்துக் கோரமண்டலில் வரன் அமைந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடி வந்து கலைந்திருந்ததால், நிச்சயம் நடக்கிற நாள் வரைக்கும் சுரங்கத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளான எங்கள் லைனில் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். கண் பட்டுவிடுமாம். காலையில் ஷாமியானா கட்டி, மைக் செட்டில் சாமி பாட்டுப் போட்டால் தானாகவே எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்பது அவர் திட்டம். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். சாமி பாட்டு கேட்டால் நல்ல காரியம்.

அம்மாவின் அண்ணன் முனுசாமி மாமா எங்களோடுதான் இருந்தார். முப்பது வருடம் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி நெஞ்சு முழுக்கத் தூசியை வாங்கி வைத்திருந்தவர். நிச்சயத்துக்கு இரண்டு நாள் முன்புதான் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து முன்னறையில் படுக்க வைத்திருந்தோம். லைனே வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயிருந்தது.

காலை ஆறு மணிக்கு மைக் செட்காரர் சாமி பாட்டுப் போட வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அதே பாட்டு, அதே கரகரப்பு. மாப்பிள்ளை வீட்டார் காதில் நல்ல சங்கீதம் விழட்டுமே என்று என் பென்டிரைவைக் கொடுத்தேன்.

சாம்பாவில் கூயிக்கா என்று ஒரு மேளம் உண்டு. உள்ளே இருக்கும் குச்சியை ஈரத் துணியால் உரசினால் விக்கி விக்கி அழும். காதில் மாட்டிக் கேட்டால் அமிர்தம். குழாய் ஸ்பீக்கரில், ஊரிகத்துக் காலைப் பனியில், அது நான்கு பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பது போலக் கேட்டது. (இதை அப்போதே யாராவது என்னிடம் சொல்லியிருக்கலாம்.) அதற்கு மேல் அந்த மனிதரின் சோகக் குரல் வேறு. வாசலில் ஷாமியானா. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. சாமி பாட்டுக் கிடையாது. உள்ளே மாமா. லைன் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டது.

எங்கள் லைனில் ஒரு வீட்டில் சாவு என்றால், தூக்குகிற வரைக்கும் மற்ற வீடுகளில் அடுப்பு எரியாது. இருபத்திரண்டு அடுப்பும் அணைந்தன. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அக்கா தூக்குவாளியில் டீயும் கையில் மாலையுமாக வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல காரியத்துக்கு ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னை என்ன சொல்ல?

ஒன்பது மணிக்குத் தட்டு வரிசையோடு மாப்பிள்ளை வீட்டு ஆட்டோக்கள் வந்தன. தெரு நிறைய மாலையும் மார்பில் அடித்துக்கொள்ளும் பெண்களும். மாப்பிள்ளையின் அப்பா நாகரிகமான மனிதர். ஒன்றும் கேட்கவில்லை. தட்டுகளை ஆட்டோவிலேயே வைத்துவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் ஒரு ரோஜா மாலை வாங்கி வந்தார். மூன்றாவது வரனும் போச்சு என்று அம்மா கதவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். சாந்தி பட்டுப்புடவையோடு என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

மாலையோடு சம்பந்தி முன்னறைக்குள் நுழைந்தபோது மாமா இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னாங்க, மாலை எனக்கா, மாப்பிள்ளைக்கா?"

சம்பந்தி சுவரில் சாய்ந்துவிட்டார். அவர் கூட வந்த பெரியவர் ஒருவர் சகுனம் என்று ஆரம்பித்தார். மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

"முப்பது வருசம் கேஜ்ல எறங்குனவன் நானு. செத்தான்னு ஊரே வந்து நிக்கிது, நான் மேல வந்துட்டேன். இதவிட நல்ல சகுனம் எங்க கீது? தட்டை எடுத்துனு வாங்க."

தட்டு உள்ளே வந்தது. சாந்திக்கு நிச்சயம் ஆனது. என்னோடு அவள் ஆறு மாதம் பேசவில்லை. லைன் முழுக்க என் பாடகருக்குச் சாவுப் பாட்டுக்காரர் என்று பெயர் வைத்தார்கள். பொருளைத் தேடிப் பார்த்தேன், அவர் பாடியது காதல், ஐயா. காதல்! கேட்பாரில்லை.

மாமா ஒருவர்தான் கேட்டார். சாயங்காலம் தோறும் போடச் சொல்வார்; லைனுக்கும் அது பழகிப்போனது. ஒரு பழைய பதிவில் பாட்டுத் தொடங்கும் முன் பாடகர் லேசாக இருமுவார். "இவனும் அண்டர்கிரவுண்டு ஆளு போல கீது," என்றார் மாமா. தான் போகும்போது இதையே போடவேண்டும் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

போன வருடம் ஒரு காலையில் மாமா போய்விட்டார். சொன்ன சொல்லை மீறாமல் அந்தப் பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டு, வாசலில் நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை. எல்லா வீட்டிலும் தாளிப்பு வாசனை. இன்று எந்தக் கல்யாண வீட்டிலும் சாந்தி நடித்துக் காட்டுவது, அப்போது கன்னியம்மா அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டி என்னிடம் சொன்னதைத்தான்:

"சவுண்டைக் கொறை தம்பி. பாவம், மாமா தூங்கட்டும்."

குறைத்தேன்.