ஒபேரா அக்கா சிரித்துப் பாடிய பாட்டு

சுவிஸில் இருக்கிற தமிழர் எல்லாரும் கூடி முயன்றாலும், ஒபேரா அக்கா ஒருவர் என்னை வெட்கப்பட வைத்த அளவுக்கு வெட்கப்பட வைக்க முடியாது.

பாடன் நகரில் நாங்கள் இருவரும் ஒரே கட்டடம். அக்காவுக்குப் பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை. அங்கேயும் பாடுவார். வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறவர்களால் நிறுத்தச் சொல்லவா முடியும்? தேவாலயப் பாடகர் குழுவில் பழகிய மேற்கத்தியச் சங்கீதம். வீட்டில் எதிரொலி போதாதென்று, தன் சலவை முறை வரும் நாளில் பொதுச் சலவை அறையில் நின்று உச்சத்தில் பிடிப்பார். ஒருநாள் கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர், சலவை இயந்திரம் உடைந்துவிட்டது என்று நினைத்துத் திருகாணிச் சாவியோடு ஓடி வந்தார். "உள்ளே நிற்பவர் உங்கள் ஆளா?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன்.

அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது.

"பாட்டெண்டா ஒரு முகத்தைப் பாத்துப் பாடவேணும். சுவரைப் பாத்துப் பாடுறதுக்கு நான் என்ன ரேடியோவோ?"

ஒரு பிறந்தநாள் விழாவில் வழுக்கைத் தலை அண்ணை ஒருவரின் முகத்தைப் பிடித்துக்கொண்டு முழுத் தாலாட்டும் பாடி முடித்தார். அன்றிலிருந்து அந்த அண்ணை, "அவ வாறாவோ?" என்று விசாரிக்காமல் எந்தக் கொண்டாட்டத்துக்கும் போவதில்லை.

பிறகு அந்த அமெரிக்கப் பாட்டு வந்து சேர்ந்தது. ஊர் ஒதுக்கி வைத்த ஒருவன் தேவாலயக் கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பாடுவதைக் கேட்கிறான். கதை அவ்வளவுதான். எல்லாப் பாடகரும் அதை அழுது பாடுவார்களாம். அக்கா சிரித்துப் பாடினார்.

"ஏனக்கா சிரிக்கிறியள்?"

"பாடுறது அவன் இல்லையடி, உள்ளுக்கை இருக்கிற சனம். அதுகள் சந்தோசமாத்தானே பாடுங்கள்!"

எனக்குக் கொட்டாவி வந்தது.

அடுத்த மாதம் ஆரணி என்ற பிள்ளை பெரியவளானதற்குச் சாமத்திய வீடு. அவளைத் தூக்கி வளர்த்தவர் தகப்பனின் தங்கை. முதல் ஆராத்தி எடுக்க வேண்டியவர் அந்த மாமிதான். ஆனால் புருசனை விட்டு வந்தவர் என்று அவரைச் சமையலறைக் கதவோரம் இருத்திவிட்டு, அவர் இடத்தில் என்னைப் போட்டார்கள். நானும் பட்டுச் சேலை கசங்காமல் தட்டோடு நின்றேன்.

வீடியோக்காரரின் விளக்கு எரியவில்லை. இடைவெளியை நிரப்ப, அறிவிப்பாளர் தெரியாத்தனமாக அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். என்னோடு காரில் வந்தவர் என்பதால் சனமெல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

அக்கா அந்த அமெரிக்கப் பாட்டைத்தான் எடுத்தார். சிரித்தபடி, என் முகத்தையே பார்த்து, கடைசி வரைக்கும் பாடினார். பாதியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கதவுக்கு வெளியே மாமி, உள்ளே இருக்கிற சனம் நாங்கள்.

ஆங்கிலம் படிக்கிற ஆரணிக்கும் விளங்கியிருக்க வேண்டும். "மாமி ஏன் அங்கை இருக்கிறா?" என்று அறிவிப்பாளரின் மைக்கை வாங்கி அதிலேயே கேட்டாள். தாய் குனிந்த தலை நிமிரவில்லை.

நான் தட்டைக் கொண்டுபோய் மாமியிடம் நீட்டினேன்.

"எனக்கோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார்.

"சனம் பாடி முடிச்சிட்டுது, நீங்கள் வாங்கோ!" என்று மேடையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

மாமி ஆராத்தி எடுத்தார். ஆரணி அழுததில் கண் மை கரைந்து, வீடியோ கெட்டதுதான் மிச்சம்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன்.

"அத்தனை பேர் இருக்க என்ரை முகத்தை ஏனக்கா பாத்தனீங்கள்?"

"அங்கை எனக்கு வேற ஆரடி இருக்கினம்? நீ ஒருத்திதானே சிநேகிதி."

அவமானத்தில் வீதியை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

அடுத்த சலவை நாளில் ஹவுஸ்மைஸ்டர் மறுபடியும் சாவியோடு ஓடி வந்தார். படியில் மறித்தேன்.

"ஒன்றும் உடையவில்லை. பாடுவது என் அக்கா," என்றேன்.